குழியா, படுக்கையா, தட்டியா, வைக்கோல் கட்டா? ஹைவெல்டு குளிரில் வாத்து வேட்டைக்கு ஏற்ற மறைவிடம்

மே மாதம் பிறந்ததும் தென்னாப்பிரிக்காவின் நியூகாசில், டண்டீ, லேடிஸ்மித், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ் இளைஞர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. துப்பாக்கி உரிமம் கையில் இருக்கிறது. பண்ணைக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். பறவைகளை ஈர்க்க வயலில் வைக்கும் பொம்மை வாத்துகளும் ஒரு டஜன் சேர்ந்துவிட்டன. மறைவிடத்துக்குத்தான் வழி தெரியவில்லை. ஒருவர் குழி தோண்டு என்கிறார், இன்னொருவர் தரையோடு தரையாகப் படுக்கும் துணிக்கூடு வாங்கு என்கிறார், மூன்றாமவர் தட்டி கட்டினால் போதும் என்கிறார். பண்ணைக்காரரோ, வயலில் கிடக்கும் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரில் விறைத்த மனிதன் நன்றாகச் சுட மாட்டான். விரல் மரத்து, கண்ணில் நீர் வழிய, இரண்டு சட்டைக்கு மேல் இரண்டு கோட்டு போட்டுத் துப்பாக்கியைத் தோளில் சரியாகப் பொருத்த முடியாமல் அவன் சுடும் வாத்து, காயத்தோடு பறந்து எங்கோ நாணலுக்குள் விழுந்து சாகும். அதனால் பறவையின் கண்ணிலிருந்து நம்மை ஒளிப்பது மறைவிடத்தின் பாதி வேலைதான். மூன்று நான்கு மணி நேரம் நம் உடலையும் நிதானத்தையும் காப்பாற்றுவது மறுபாதி. கடைக்காரர்கள் முதல் பாதியைப் பற்றியே பேசுவார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது பாதிக்கும் அதே இடம் கொடுக்கிறது.

எந்தப் பறவை, எந்தக் குளிர்

இங்கே பேசுவது இரண்டு பறவைகளைப் பற்றி. ஒன்று எகிப்திய வாத்து. இரண்டு கிலோவை ஒட்டிய எடை, கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, ஓயாத கூச்சல். மற்றது முள்சிறகு வாத்து. ஆப்பிரிக்காவின் நீர்ப்பறவை வேட்டையில் மிகப் பெரியது, நல்ல ஆண் பறவை ஆறு கிலோ வரை வரும், சிறகு மடியும் இடத்தில் கூரிய எலும்பு முள் உண்டு. பறவையியலாளர்கள் இரண்டையுமே வடதுருவப் பக்கத்து உண்மையான வாத்தினத்தில் சேர்ப்பதில்லை. வேட்டைக்காரனுக்கு அந்த வகைப்பாட்டைவிட முக்கியமானது அவற்றின் நாள் ஒழுங்கு. இரவில் அணையிலோ சதுப்பிலோ தங்கி, விடிந்ததும் அறுவடையான மக்காச்சோள வயலுக்கு வந்து சிந்திய மணிகளைப் பொறுக்கும். நடுக்காலையில் தண்ணீருக்குத் திரும்பும். பிற்பகலில் மறுபடியும் வயல். கடுங்குளிர் நாளில் முதல் பறப்பு தாமதமாகும், உறைபனி இளகும்வரை அவை தண்ணீரிலேயே இருந்துவிடுவது உண்டு. அப்படிப்பட்ட நாளில் நாம் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகிறது.

டர்பன் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஹைவெல்டு எனப்படும் உள்நாட்டுப் புல்வெளிப் பீடபூமியின் குளிர் வேறு உலகம். ஹாரிஸ்மித், மெமெல், ஃப்ரேடே வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூன், ஜூலையில் விடியற்காலை உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். வெப்பமானி மைனஸ் 3 காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 10 போல இருக்கும். 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டதையும், மக்கள் வாகனங்களுக்குள்ளேயே இரவைக் கழித்ததையும் எல்லோரும் பார்த்தோம். கணவாய் ஏறி வேட்டைக்குப் போகிறவர் பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியில்) போர்வை, தண்ணீர், ஒரு நாள் உணவு வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அளவுகோல்கள்

ஐந்து விஷயங்களை வைத்து அளக்கிறேன்.

முதலாவது, காற்றையும் தரைக்குளிரையும் எவ்வளவு தடுக்கிறது என்பது.

இரண்டாவது, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எவ்வளவு தெரியாமல் இருக்கிறது என்பது. ஹைவெல்டு குளிர்காலத்தில் மழை இல்லை, வானம் துடைத்தது போல இருக்கும், சூரியன் தாழ்வாகச் சாயும். நிறம் ஒத்துப்போனாலும் நிழல் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு உறைபனி. வெள்ளையாகக் கிடக்கும் வயலில் நம் காலடித் தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். காலையில் புதிதாக வைத்த மறைவிடத்தின் மேல் பனி இருக்காது, சுற்றியுள்ள தாளடி (அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் அடித்தண்டு) முழுக்க இருக்கும். முந்தின மாலையே அமைத்துவிட்டால் பனி எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி விழும். பொம்மை வாத்துகள் விஷயத்தில் இது தலைகீழ். அவற்றின் முதுகில் படிந்த பனி வெயில் பட்டதும் பளபளக்கும், துணியால் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, காற்றுத் திசை மாறினால் மறைவிடத்தை மாற்ற முடியுமா என்பது. மற்ற நான்கையும்விட இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாத்து எப்போதும் காற்றை எதிர்த்து இறங்கும். ஆகவே வேட்டைக்காரன் காற்றை முதுகில் வாங்கி உட்காருவது வழக்கம். குளிர் அலை வருவதற்கு முன் காற்று வடமேற்கிலிருந்து வீசும். அப்போது நாம் தென்கிழக்கைப் பார்த்து இருப்போம், சூரியன் இடப்பக்கம் எழும், தொல்லை குறைவு. அலை கடந்ததும் காற்று தென்மேற்குக்குத் திரும்புகிறது. இப்போது காற்றை முதுகில் வாங்கினால் முகம் வடகிழக்கைப் பார்க்கும். தென்கோளத்துக் குளிர்காலத்தில் சூரியன் எழுவது ஏறக்குறைய அதே திசையில்தான். பறவை சூரியனுக்குள்ளிருந்து வரும், நமக்குக் கண் கூசும், நம் முகமோ அதற்கு விளக்குப் போட்டது போலத் தெரியும். கடுங்குளிர்க் காலைகளில் அதிகம் வாய்ப்பது இந்தக் காற்றுதான். இதற்கு ஒரே தீர்வு, மறைவிடத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பறவைகள் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ நம் முன்னால் கடந்து இறங்கும்படி செய்வது. அப்படித் திருப்ப முடியாத மறைவிடம் குளிர்காலத்தில் பாதி நாள் பயன்படாது.

நான்காவது, பாதுகாப்பு. ஒருவர் துப்பாக்கி வாய் இன்னொருவர் தலையைக் கடக்காமல் சுட இடம் இருக்கிறதா?

ஐந்தாவது, நிலத்துக்காரருக்கு என்ன தொல்லை? தென்னாப்பிரிக்காவில் நம்மைப் போன்றவர்களின் வாத்து வேட்டை பெரும்பாலும் தனியார் பண்ணையில்தான் நடக்கிறது. எழுத்து மூலமான அனுமதியை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக் காலத்தையும் நாளொன்றுக்கான எண்ணிக்கை வரம்பையும் ஒவ்வொரு மாகாணமும் தனியாக அறிவிக்கிறது. நேட்டால் பக்கம் வாங்கிய உரிமச்சீட்டு கணவாய்க்கு மேலே ஃப்ரீ ஸ்டேட்டில் செல்லாது.

குழி மறைவு

குளிரை வெல்வதில் குழிக்கு நிகர் எதுவும் இல்லை. ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும். அந்த ஆழத்தில் ஹைவெல்டு மண் உறைவதில்லை. மேலே தரை பாறையாக இருக்கும்போதும் உள்ளே சுவர் மிதமாகவே இருக்கும். தலை மட்டும் தரை மட்டத்தில். தாளடி செருகிய மூடியைச் சரியாகச் செய்தால், அதிக எச்சரிக்கையுள்ள முள்சிறகு வாத்துகூடத் தலைக்கு மேலே சிறகை விரித்து இறங்கும். எழுந்து நின்று சுடலாம், மூன்று பேர் வரிசையாக இருக்கலாம், வயதானவர் சாய்ந்து உட்காரலாம்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் முதல் ஆண்டிலேயே குழி தோண்ட அனுமதி கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

குழி வயலின் நடுவில் ஒரு காயம். அக்டோபர், நவம்பரில் விதைப்புக்கு முன் அதை மூடியாக வேண்டும். மூடிய மண் முதல் மழையில் இறங்கும், அங்கே டிராக்டர் சக்கரம் புதையும், விதைக்கும் இயந்திரம் ஒரு பக்கம் சாயும். அறுவடைக்குப் பிறகு தாளடியில் மாடு விடுவார்கள். மூடி வலுவாக இல்லையென்றால் கன்று உள்ளே விழும், கால் முறியும். தோண்டிய மண்ணைக் குவித்து வைத்தால் புது மண்ணின் நிறம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும், ஆகவே பக்கியில் ஏற்றி வெளியே கொட்ட வேண்டும். கிழக்கு ஃப்ரீ ஸ்டேட்டின் களிமண் குளிர்காலத்தில் காய்ந்து இறுகிக் கிடக்கும். கடப்பாரையோடு இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் வேலை. சதுப்போரத்தில் தோண்டும் எண்ணமே வேண்டாம். 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின்படி சதுப்பு நிலத்தின் அமைப்பை மாற்ற முன் அனுமதி தேவை, மாட்டிக்கொள்பவர் நிலத்துக்காரராகவும் இருப்பார்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியர்கள் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருப்பதையே தடை செய்தது. அது 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி டண்டீ, நியூகாசில் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அங்குள்ள பண்ணைகளோடு தலைமுறைப் பழக்கம் இருக்கலாம். மலைக்கு அப்பால் அந்தப் பழக்கம் புதியது, பல இடங்களில் இப்போதுதான் தொடங்குகிறது. முதல் பருவத்தில் வேலிக்கதவை மூடிவிட்டுப் போகிறவர், தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறவர் என்று பெயர் எடுங்கள். குழிக்கான பேச்சு மூன்றாவது பருவத்தில் தானாக வரும்.

காற்று விஷயத்தில் குழியின் குறை தீராதது. அதைத் திருப்ப முடியாது. வடமேற்குக் காற்றுக்குத் தோண்டிய குழி, தென்மேற்குக் காற்றில் உங்களைச் சூரியனுக்கு எதிரே உட்கார வைக்கும். ஒரே பண்ணைக்கு ஆண்டுதோறும் போகிறவர்கள், பறவைகள் நிலையாக இறங்கும் வயல் உள்ளவர்கள், முழங்கால் வலியுள்ள மூத்தவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஆகியோருக்குக் குழி சிறந்தது. மற்றவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

படுக்கை மறைவு

மடக்குச் சட்டத்தில் துணி போர்த்திய ஒரு கூடு. அதற்குள் மல்லாந்து படுத்து, வாத்து இறங்கும்போது மடல்களைத் தள்ளி எழுந்து உட்கார்ந்து சுடுவது. இளைஞர்கள் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. முதுகில் சுமந்து போகலாம். நேற்று மாலை வாத்துகள் எந்த வயலில் மேய்ந்தனவோ அந்த வயலிலேயே, அந்த இடத்திலேயே படுக்கலாம். காற்று திரும்பினால் ஐந்து நிமிடத்தில் நீங்களும் திரும்பலாம். உயரம் குறைவாதலால் நிழலும் குறைவு. மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் செதுக்கி அதற்குள் பதித்தால் நிழல் அநேகமாக மறைந்துவிடும், வயலுக்கும் கேடு இல்லை. வாங்கிய புதிதில் துணி மினுங்கும். சேறு கரைத்துப் பூசிக் காயவைத்து உதறுங்கள். தாளடியை அதே வயலிலிருந்து எடுத்துச் செருகுங்கள்.

குளிர்தான் இதன் பலவீனம். உறைந்த தரை முதுகு வழியாக உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றிலிருந்து கூடு ஓரளவு காக்கும், தரையிலிருந்து காக்காது. இரண்டு விரல் தடிப்பு நுரைப்பாய் ஒன்று கட்டாயம், அதன் மேல் ஒரு கம்பளி. படுத்த நிலையில் கால் அசையாது, முதலில் மரத்துப்போவது பாதம். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் குளிர் கடித்திருப்பதே தெரியாது. மாலையில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும். அப்படிப்பட்டவர் ஹைவெல்டு ஜூலையில் படுக்கை மறைவில் கிடக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பாதுகாப்பும் இங்கே கண்டிப்பாகப் பேசப்பட வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து உட்காரும்போது துப்பாக்கி வாய் ஒரு வளைவில் நகர்கிறது. பக்கத்துக் கூட்டிலிருப்பவரும் அதே நொடியில் எழுகிறார். எல்லாக் கூடுகளும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே திசை நோக்கி, மூன்று மீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் போகும் பறவையை விட்டுவிட வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும், எல்லாத் துப்பாக்கிகளும் காலியாகும்வரை யாரும் எழுந்து நிற்கக் கூடாது. முதன்முறை வருகிறவரை இதில் படுக்க வைக்காதீர்கள்.

வயிற்றுத் தசை வலுவாக உள்ள, நாற்பதுக்கு உட்பட்ட, இரண்டு மூன்று பண்ணைகளில் மாறி மாறி அனுமதி பெற்றவருக்கு இது நல்ல தேர்வு. காற்றில்லாத உறைபனிக் காலைக்குச் சரி. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் மதியம்வரை தாங்காது.

தட்டி மறைவு

இரண்டு தட்டிகளை ஒன்றுக்கொன்று சாய்த்து நிறுத்தி, வெளிப்பக்கம் புல்லும் தாளும் அடர்த்தியாகச் செருகி, உள்ளே மடக்கு நாற்காலி போட்டு உட்காருவது. நம் ஊர்க் கொட்டகை வேலை தெரிந்த கை இருந்தால் இதற்குக் கடைக்கே போக வேண்டாம். மூங்கில், கம்பிவலை, கட்டுக்கம்பி போதும். சாயுங்கால நேரத்தில் இரண்டு பேர் கட்டிவிடலாம்.

எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. காற்றை மூன்று பக்கமும் தடுக்கிறது. நாற்காலியில் உட்காருவதால் தரைக்குளிர் தொடுவதில்லை. கால்களை ஆட்டலாம், குடுவையிலிருந்து தேநீர் ஊற்றலாம், நாய் காலடியில் படுத்து நம்மையும் சூடாக்கும். எழுந்து நின்று, தரையில் கால் ஊன்றி, பழகிய நிலையில் சுடுவதால் குறி தவறுவது குறைவு. மகனையோ மருமகனையோ பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அவர் கையையும் துப்பாக்கியையும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க முடியும்.

ஆனால் அது உயரமானது. ஆளுயரத் தட்டியை வெட்டவெளி வயலின் நடுவில் நிறுத்தினால் ஒரு பறவையும் அருகில் வராது. வேலியோரம், நீலகிரி மர வரிசை, வெட்டாமல் விட்ட சோளப் பட்டை, புல் அடர்ந்த வாய்க்கால் கரை என்று ஏதாவது ஒன்றோடு அது கலந்துபோக வேண்டும். முள்சிறகு வாத்து பொதுவாக ஓரங்களை நம்புவதில்லை. எகிப்திய வாத்து அவ்வளவு கவனிக்காது, அதிலும் தட்டி மூன்று நான்கு நாள் அங்கேயே நின்று கண்ணுக்குப் பழகியிருந்தால். ஆகவே வெள்ளிக்கிழமை கட்டி சனிக்கிழமை சுடுவதைவிட, பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டால் முந்தின வாரமே நிறுத்திவிடுவது மேல்.

செருகும் புல்லின் அளவைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு தட்டி மறைவுக்கு ஒரு பக்கி நிறையப் புல் வேண்டும், அதை அறுக்கவும் அனுமதி வேண்டும். கூரை வேயும் நீளப்புல்லைப் பண்ணையில் விற்பனைக்கு வைத்திருப்பார்கள். கேட்காமல் தொடக் கூடாது. பலமான காற்று தட்டியைச் சாய்த்துவிடும், துப்பாக்கியோடு உள்ளே இருக்கும்போது அது சாய்ந்தால் ஆபத்து. நான்கு மூலையிலும் இரும்பு முளை அடித்துக் கயிறு இழுத்துக் கட்டுங்கள். உறைந்த தரையில் மர முளை இறங்காது.

வைக்கோல் கட்டு மறைவு

பண்ணைக்காரர் சொல்லும் வழி இது, பார்க்கச் செலவே இல்லாதது போலத் தெரியும். வாத்துகள் வாரக்கணக்கில் அந்தக் கட்டுகளைப் பார்த்துப் பழகியிருக்கும், ஐயப்படாது. வைக்கோல் காற்றை முழுவதுமாகத் தடுக்கும். நான்கு சதுரக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் குழியின் சூட்டில் முக்கால் பங்கு கிடைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது நெருப்பு. ஹைவெல்டில் குளிர்காலமே புல்வெளித் தீ பரவும் காலம். காய்ந்த வைக்கோலுக்குள் ஒரு சிகரெட், ஒரு சிறிய கேஸ் அடுப்பு, பலத்த காற்று சேர்ந்தால் பண்ணைக்காரரின் தீவனமும் பக்கத்துப் பண்ணையின் மேய்ச்சலும் போய்விடும். தன் நிலத்திலிருந்து தீ பரவாமல் காக்கும் பொறுப்பை 1998ஆம் ஆண்டின் புல்வெளி, காட்டுத் தீச் சட்டம் நிலத்துக்காரர் மேல் வைத்திருக்கிறது. நம் கவனக்குறைவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும். வைக்கோல் மறைவில் எந்தச் சுடரும் வேண்டாம். இரண்டாவது, உருளைக் கட்டுகளின் எடை. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அது சரிவில் உருண்டால் ஆள் பிழைக்க மாட்டார். டிராக்டரால் அவரே வைத்துக் கொடுத்த இடத்தில் இருக்கட்டும், நீங்கள் தள்ளாதீர்கள். மூன்றாவது, அந்த வைக்கோல் மாட்டின் குளிர்காலச் சாப்பாடு. தோட்டாக் கூடோ ஈயக் குண்டோ அதில் கலந்தால் மாட்டுக்கு நஞ்சு. கடைசிக் கூடுவரை பொறுக்குங்கள்.

கட்டுகள் இருக்கும் வயலில் வாத்து இறங்குகிறதா என்பதே இதை முடிவு செய்யும். இறங்கினால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுகளுக்காக வாத்தில்லாத வயலில் உட்காருவதில் பொருள் இல்லை.

நாணல் மறைவு

அணையோர நாணலுக்குள் நிற்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாத்துகள் இரவு தங்கும் அணையில் சுடவே கூடாது. ஓரிரு காலை அங்கே சத்தம் கேட்டால் கூட்டம் முழுவதும் அந்த வட்டாரத்தை விட்டே போய்விடும். உங்கள் பருவமும் பண்ணைக்காரரின் மற்ற விருந்தினர் பருவமும் முடிந்தது. விடியலுக்கு முன் குளிர் காற்று தாழ்வான இடத்தில்தான் தேங்கும், ஆகவே அணையோரம் மேட்டு வயலைவிடக் கடுமையாகக் குளிரும். நனைந்த நாய் இந்தக் குளிரில் விரைவில் நடுங்கத் தொடங்கும். நடுக்காலையில் தண்ணீர் குடிக்க மட்டும் வரும் சிறிய அணை தனியாக இருந்தால், வெயில் ஏறிய பிறகு ஓர் இரண்டு மணி நேரம் பயன்படுத்தலாம். அவ்வளவுதான்.

ஒரே பார்வையில்

| மறைவிடம் | குளிர் காப்பு | ஒளிப்பு | காற்று மாறினால் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| குழி | மிக நன்று | மிக நன்று | மாற்ற முடியாது | மூடும் வேலை, மாட்டுக்கு ஆபத்து, பண்ணைக்காரரின் பொறுமை | நிலையான பண்ணை, மூத்தவர்கள் |
| படுக்கை | குறைவு | நன்று | உடனே மாற்றலாம் | தரைக்குளிர், கண்டிப்பான ஒழுங்கு | இளைஞர், பல பண்ணைகள் |
| தட்டி | நன்று | ஓரத்தில் மட்டும் நன்று | அரை மணியில் மாற்றலாம் | ஒரு பக்கி புல், முளைகள் | குடும்பத்தோடு வருகிறவர், கற்றுக்கொள்கிறவர் |
| வைக்கோல் கட்டு | மிக நன்று | நன்று | டிராக்டர் வேண்டும் | நெருப்பு, தீவனக் கேடு | கட்டுள்ள வயலில் வாத்து இறங்கினால் |
| நாணல் | மோசம் | நன்று | கரை இருந்தால் மாறலாம் | ஈரம், கூட்டம் இடம்பெயர்வது | நடுக்காலை மட்டும் |

எந்த மறைவிடத்திலும் மாறாதவை

மூடிய மறைவிடத்தில் கேஸ் ஹீட்டர் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மூடி போட்ட குழி அது தேங்குவதற்கு ஏற்ற இடம். கைக்குச் சூட்டுப் பொட்டலம், இடுப்பில் கம்பளி, தலைக்குக் காதை மூடும் தொப்பி போதும்.

துப்பாக்கியைக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும்போது உலோகத்தில் ஈரம் படியும். இரவில் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய் மட்டும் பூசுங்கள். தடித்த எண்ணெய் குளிரில் இறுகித் தானியங்கித் துப்பாக்கியைத் திணற வைக்கும். குழியிலும் படுக்கையிலும் மண், பனி, தாள் துணுக்கு துப்பாக்கி வாயில் நுழையும். தோட்டா போடுமுன் குழாய்க்குள் பாருங்கள். அடைத்த குழாய் வெடிக்கும்.

முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் சுடாதீர்கள். முள்சிறகு வாத்து பெரியதாக இருப்பதால் அருகில் இருப்பது போலத் தோன்றும். காயமடைந்த பறவையிடம் நாயை அனுப்பும்போது அந்தச் சிறகு முள்ளை நினைவில் வையுங்கள், அது நாயைக் கிழித்துவிடும். தண்ணீருக்கு அருகே ஈயக் குண்டைத் தவிர்த்து இரும்புக் குண்டு பயன்படுத்துங்கள். சேற்றில் விழும் ஈயத்தை மணலோடு சேர்த்து விழுங்கும் பறவைகள் மெதுவாகச் சாகின்றன.

பறவைக் காய்ச்சல் 2017, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்த நாட்டுக் கோழிப்பண்ணைகளைப் பெரிதாகத் தாக்கியது. காட்டு வாத்து அதைச் சுமக்கக் கூடும். வயலிலேயே கையுறையோடு சுத்தம் செய்யுங்கள். வீட்டுப் பின்கட்டில் கோழி வளர்ப்பவர், வேட்டை பூட்ஸோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தள்ளாடும், கழுத்து சாய்ந்த பறவையைச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

எப்போது முடிவு செய்வது

ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வார இறுதிகள் தொடங்கிவிடும், பல வீடுகளில் மாமிசம் நின்றுவிடும். புரட்டாசியில் மறுபடியும் விரதம். இந்த மரபை மதிக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பது மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைக்கும் உள்ள வாரங்கள்தான், அதிலும் மாகாண அறிவிப்பு அனுமதிக்கும் நாட்கள் மட்டும். இவ்வளவு குறுகிய காலத்துக்குக் குழி தோண்டும் உழைப்பு தகுமா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஏப்ரலிலேயே பண்ணைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வயல் முதலில் அறுவடையாகும்? அறுத்த பிறகு தாளடியில் மாடு எப்போது இறங்கும்? வைக்கோலைக் கட்டி வயலிலேயே விடுவாரா, கொட்டகைக்கு எடுத்துப் போவாரா? மாடு இறங்கிய வயலில் தாளடி மிதிபட்டுத் தரை மட்டமாகிவிடும், அங்கே படுக்கை மறைவு துருத்திக்கொண்டு தெரியும், தட்டியை மாடு உரசிச் சாய்த்துவிடும். வேலியோரமோ வைக்கோல் கட்டோதான் மிஞ்சும். மாடு இறங்காத வயலென்றால் முதல் இரண்டு வாரம் படுக்கைக்கும் தட்டிக்கும் பொற்காலம். பிறகு அந்தப் பண்ணையில் மாடு மேய்க்கும் பெரியவரிடம் போய், பாபா (அப்பா) என்று மரியாதையோடு வணக்கம் சொல்லி, வாத்துகள் மாலையில் எங்கே இறங்குகின்றன என்று கேளுங்கள். பண்ணைக்காரரைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் காட்டும் வயலை ஒரு மாலை முழுவதும் தூரத்திலிருந்து தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.